வெறும் வயிற்றில் வந்தவர்

அண்ணா,

நம் பல் கிளினிக்குக்கு வந்த அந்த நோயாளி குடித்திருக்கவில்லை என்பதை அன்று நான் உன்னிடம் சொல்லவில்லை. பல் பிடுங்க ‘வெறும் வயித்துல வாங்க’ என்று போனில் சொன்னவள் நானே. சர்க்கரை நோய் உண்டா என்று கேட்கவில்லை; அவரும் இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்தார். அவர் கை சில்லென்று வியர்த்தபோதே சர்க்கரை இறங்குவது எனக்குத் தெரிந்தது.

சர்க்கரை இறங்கிய தடுமாற்றத்தில் திடீரென்று என்னை அறைந்தார், என் உதடு கிழிந்தது.

“குடிச்சிட்டு என் தங்கச்சி மேலயே கை வைக்கிறியா?” என்று அவர் கழுத்தை நாற்காலியோடு அழுத்தினாய்.

“விடுங்க, தலை சுத்துது.”

“சுத்தாம? ஊத்தினது அவ்வளவு.”

குளுக்கோஸ் பொட்டலம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்தால் என் தப்பு தெரிந்துவிடும் என்று நின்றேன். அவருக்கு வலிப்பு வந்து, தலை நாற்காலி மேலிருந்த விளக்கில் மோதி இரத்தம் தெறித்த பிறகே ஆம்புலன்சை அழைத்தேன்.

மூன்றாம் நாள் அவர் இறந்தார். நேற்று அவர் மனைவியிடம் போய் இதையெல்லாம் சொல்லிவிட்டேன்.

உன் தங்கை