சுரங்கத்தில் சாயாத பொழுது

கோபன்ஹேகன், டிசம்பர் 12

அன்புள்ள அம்மாவுக்கு, பிராமியின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலி தேவலையா? நம் வல்லத்தில் மல்லாட்டைக்கு விதைக்கடலை போட்டாயிற்றா?

திட்டாமல் படியுங்கள். நேற்று வேலையில் முதல் நாள். திரும்பும்போது வெளிச்சத்திலேதான் மெட்ரோ ஏறினேன். ஓட்டுநரே இல்லாமல் பூமிக்கடியில் ஊரைச் சுற்றிச் சுற்றி வரும் ரயில் அது. அசதியில் தூங்கி, என் நிலையத்தைத் தாண்டி இரண்டு சுற்று போய்விட்டேன். விழித்தால் பெட்டிக்குள் பட்டப்பகல் மாதிரி விளக்கு. மணி நாலுதானே என்று டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டேன்.

மேலே வந்தால் இருட்டு, அம்மா! மூன்றரைக்கே சூரியன் மறைந்துவிட்டதாம். சமணப் பெண்ணாய்ப் பிறந்ததிலிருந்து பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொடாதவள், காலி டப்பாவோடு நடுத்தெருவில் நின்றேன்.

என் தப்புக்காக நீங்கள் பட்டினி கிடக்காதீர்கள். இன்று நானே உபவாசம் இருந்துவிட்டேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். "பொழுது போவுது பாரு, ஜல்தி வந்து சாப்புடுடி" என்று தெருமுனை வரை கேட்கக் கூப்பிடுவீர்களே, அதை அப்பாவின் போனில் பதிந்து அனுப்புங்கள். தினமும் மூன்று மணிக்கு அலாரமாக வைத்துக்கொள்கிறேன்.

மெட்ரோ நிலையத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; ரயில் வந்துவிட்டது. என் பேரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

பிராமி