பாலத்துக்கு முந்திய ஸ்டேசன்

என் பழைய பாஸ்போர்ட் இன்று தபாலில் திரும்பி வந்தது. புதியது எடுத்துவிட்டதால் பழையதன் மூலையை வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். கடுநீல அட்டை, சண்டையில் காது போன பூனை மாதிரி இருந்தது. புரட்டியபோது ஒரு ரயில் டிக்கெட் விழுந்தது. கொலோன், இரண்டு பேர், ஒரு நாள். நீர்தான் வைத்திருப்பீர். நான் டிக்கெட்டை எறிகிற ஆள்.

நீர் கண்ணை மூடி இரண்டு பனிக்காலம் முடிந்துவிட்டது. என்றாலும் டிக்கெட்டைக் கண்டதும் "இஞ்சாரும், இதைப் பாரும்" என்று குசினி அடுப்புப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டுவிட்டேன்.

கொலோன் போன அந்தக் காலையில் நான் ஐந்து மணிக்கே எழும்பிச் சட்டையை அயன் பண்ணினேன். பாஸ்போர்ட்டைப் பையில் வைப்பதும் தொட்டுப் பார்ப்பதுமாக நின்றேன். "அது பறக்காது, விடுங்கோ" என்றீர் நீர். உம்முடைய சேலைக்கு மேலே என் குளிர்ச்சட்டை, காலில் ஓட்டச் சப்பாத்து, கைப்பையில் கலியாண வீட்டு முறுக்கு. கலியாணமாகி நான்கு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் போகிற முதல் பயணம். உமக்கும் நித்திரை வரவில்லை என்பதைக் கண்களே சொல்லின.

எனக்கு அது வெறும் பயணமில்லை. எண்பதுகளில், கொலோன் நகரம் இருக்கிற அந்த நாட்டில் மூன்று வருடம் அகதியாக இருந்தேன். அரசாங்கக் கந்தோரில் அனுமதிக் கடதாசி வாங்காமல் அகதிகள் நாங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. நான் வாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொலோன் பார்க்கப் போனேன். ஆற்றுக்கு இந்தக் கரையில், பாலத்துக்கு முந்திய ஸ்டேசனில், பச்சை உடுப்புப் பொலிஸ்காரன் ஒருவன் ஏறி, கணிதப் பட்டதாரியான என்னைக் கையில் பிடித்து இறக்கினான். அக்கரையில் பெரிய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் தெரிந்தது. ரயில் அங்கே போனது. நான் முகாமுக்குப் போனேன்.

முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்து, பிறகு அங்கேயே தங்கிவிட்ட கூட்டாளியை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அவன் தன் தங்கையின் கலியாணத்துக்கு ரொறன்ரோவிலிருந்து போன எங்களைச் சபைக்கு எப்படி அறிமுகப்படுத்தினான்? "இவர்தான் கொலோன் பாக்கப் போய்ப் பாலத்தடியில திரும்பின ஆள்." எல்லோரும் சிரித்தார்கள். நீர் சிரிக்கவில்லை. "நாளைக்குப் போவம்" என்று என் காதில் சொன்னீர்.

ரயிலில் நான் எவ்வளவு கதைத்தேன். எவனாவது வந்து கேட்க வேண்டும், கனடாப் பாஸ்போர்ட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும் என்று ஒத்திகையே பார்த்தேன். நீர் முறுக்கை நீட்டி, "முதல்ல இதைச் சாப்பிடுங்கோ, சண்டைக்குத் தெம்பு வேணும்" என்றீர்.

பாலத்துக்கு முந்திய ஸ்டேசனில் ரயில் நின்றது. பச்சை உடுப்பில் இரண்டு பேர் ஏறினார்கள்.

நான் எழும்பினேன், உம்முடைய கையைப் பிடித்தேன், இறங்கிவிட்டேன். யாரும் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. கதவு மூடி ரயில் பாலத்தில் ஏறிய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே விளங்கியது. பாஸ்போர்ட் சட்டைப் பைக்குள் இருந்தது.

"என்னத்துக்கு இறங்கினனீங்கள்?"

"பொலிஸ் ஏறினவங்கள்."

"ஏறினா ஏறட்டுமன். நாங்கள் என்ன களவெடுத்தனாங்களே?"

என் முகத்தைப் பார்த்தீர். சேலையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, "பாலத்தில ஆக்கள் நடந்து போகினம். வாங்கோ, நடப்பம்" என்றீர்.

நடந்தோம். பக்கத்தில் ரயில்கள் ஓட, காலுக்குக் கீழே இரும்பு அதிர்ந்தது. "பாலமும் எங்களோட துள்ளுது, பாருங்கோ" என்று அந்த அதிர்வுக்காகவே ஒவ்வொரு ரயிலுக்கும் நின்றீர். கோபுரங்கள் அடிக்கு அடி வளர்ந்தன. நான் ஒருகாலும் எட்டாத கரை நடையாகவே வந்து சேர்ந்தது. கடைசி நூறு மீற்றர் தூரம் நான் ஓடினேன் என்று நீர் பிறகு சொல்லிக் காட்டுவீர். ஓடவில்லை, விரைவாக நடந்தேன்.

தேவாலய வாசலில் ஒரு பொலிஸ்காரன் நின்றான். நீர் கமராவை எடுத்துக்கொண்டு நேரே அவனிடம் போய், "போட்டோ, பிளீஸ்" என்றீர். நான் பின்னாலேயே போய்ப் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அவன் அதைத் திறக்காமல் சிரித்துக்கொண்டு திருப்பித் தந்துவிட்டுக் கமராவை வாங்கினான். உம்முடைய முறுக்கை மாத்திரம் மூன்று தின்றான்.

"ஒருக்காத் திறந்தாவது பாத்திருக்கலாம்" என்றேன்.

"பிடிச்சாலும் கோபம், பிடிக்காட்டியும் கோபம். உங்களை வச்சு அந்தாள் என்ன செய்யிறது?"

கோபுரத்தில் ஏறினோம். படிகளை எண்ணிக்கொண்டே வந்த நீர் முந்நூற்றுச் சொச்சத்தில் கணக்கைத் தவறவிட்டு, "கணக்கு மாஸ்டர், மிச்சத்தை நீங்கள் எண்ணுங்கோ" என்று சுவரில் சாய்ந்தீர். எனக்கு மூச்சு வாங்கியது, சொல்லவில்லை. மேலே காற்றில் உம்முடைய சேலை கொடி மாதிரி அடித்தது. ஆற்றுக்கு அப்பால் அந்த ஸ்டேசன் தீப்பெட்டி அளவில் கிடந்தது. "இவ்வளவுதானா அது?" என்றீர். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதற்குமுன் நான் அப்படிச் சிரித்து நீர் கேட்டதில்லை.

பின்னேரம் திரும்பியதும் மச்சான் வாசலிலேயே கேட்டான்: "என்ன, இந்தமுறை பாலம் தாண்டினீங்களோ?"

என் கை சட்டைப் பைக்குள் பாஸ்போர்ட்டைத் தேடியது. நீர் சப்பாத்தைக் கழற்றியபடி, "ரயிலில போனால் ஒண்டும் தெரியாதண்ணை. நாங்கள் பாலத்தால நடந்து போனனாங்கள். நீங்கள் நடந்திருக்கிறியளே?" என்றீர். அவன் நடந்ததில்லை. அதோடு அந்தப் பகிடி அவன் வாயில் செத்தது.

நான் பயந்து இறங்கியதை நீர் ஒருவருக்கும் சொல்லவில்லை. உம்முடைய அக்காவுக்குக்கூட. கோபம் வந்த நாட்களில் என்னிடமும் அதைச் சொல்லிக் குத்தவில்லை. நானாக இருந்தால் குத்தியிருப்பேன். என்னைப் பிடித்து இறக்கியவனை நான் மன்னிக்கவில்லை, மச்சானையும் இல்லை, பாஸ்போர்ட்டைத் திறக்காதவன்மேல்கூட ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. இவர்களையெல்லாம் மனதில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இறங்கிய கதையைப் பத்திரமாக வைத்திருந்தவர் நீர். இப்போது அதையும் நான் ஒருவனே வைத்திருக்க வேண்டும்.

இன்று பின்னேர வேலைக்குப் போகும்போது மூலை வெட்டிய பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இங்கே ரொறன்ரோவில், பள்ளத்தாக்குப் பாலத்துக்கு முந்திய ஸ்டேசனில் சப்வே ரயில் நின்றது. யாரும் ஏறவில்லை, யாரும் என்னைப் பார்க்கவில்லை. இறங்கி மேலே வந்து பாலத்தில் நடந்தேன். பாதி வழியில் கீழ்த்தட்டில் ரயில் ஓட, பாலம் அதிர்ந்தது. நின்றேன். அடுத்த ரயிலுக்கும் நின்றேன். வேலைக்குப் பிந்திவிட்டது.