மண்டபத்தில் இறங்காதே

முதல் நாள், 07.40

இறங்கியாயிற்று. கால்கள் நான்கும் தரையில். சாய்வு ஒரு பாகைக்கும் குறைவு. உள்ளே அழுத்தம் சரி. வெளியே குளிர் மைனஸ் நூற்றெழுபத்தொன்பது. பதிவு செய்பவர் ரோஸ்லின் மோத்தா, தூத்துக்குடி. கப்பல் முன்னோடி, ஆள் ஒன்று. இடம், சனிக்கோளின் துணைக்கோள் டைட்டன்.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்குப் பொறுமை கிடையாது. என் வேலை மூன்று: இறங்குவது, வழிகாட்டி விளக்கை எரியவிடுவது, பின்னால் வரும் கப்பலுக்காகக் காத்திருப்பது. முதல் இரண்டும் முடிந்தன. மூன்றாவதுதான் எனக்கு ஒத்துவராதது.

முதல் நாள், 11.15

சும்மா இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த இடத்துக்குப் பெயர் கல்யாண மண்டபம். விண்வெளித் துறை வைத்த பெயர் இல்லை. ‘எட்டாத் தரை’ என்ற கணினி விளையாட்டை ஆடியவர்கள் வைத்தது. டைட்டனை ரேடாரால் அளந்த வரைபடத்தை வைத்துச் செய்த விளையாட்டு அது. நானும் பள்ளிக்கூடத்துப் பரீட்சையைக் கோட்டைவிட்டு அதைத்தான் ஆடினேன். மேட்டில் இறங்கினால் கப்பல் கவிழும், பள்ளத்தில் இறங்கினால் உடையும். இங்கே மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம், பாய் விரித்ததுபோல் இருக்கும். இறங்கியவர் ஒரு விளக்கு வைத்துவிட்டுப் போவது எங்களுக்குள் வழக்கம். அதைப் பார்த்து அடுத்தவர் வருவார், அவரும் ஒன்று வைப்பார். கடைசியில் முகூர்த்த நாள் மாதிரி கூட்டம் அலைமோதியது. நிஜப் பயணத்துக்கு இடம் தேடியவர்கள், அதிக விளக்கு எரிந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஊர் கூடிச் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

விளக்கு என்கிறேனே தவிர, அதில் வெளிச்சம் கிடையாது. இங்கே பழுப்பு மூட்டத்தில் வெளிச்சம் எடுபடாது. அது ரேடியோ ஒலி எழுப்பும் ஒரு பெட்டி. அதைக் கேட்டுத்தான் பின்னால் வரும் கப்பல் இறங்கும்.

அந்தக் கப்பலை ஓட்டுபவள் பேச்சியம்மாள். பக்கத்து வீட்டுக்காரி, என்னோடு சேர்ந்து ஆடியவள். கூட இன்னும் மூன்று பேர். விளையாட்டில் நான் ஓரிடத்தில் நின்றதே இல்லை. தொட்டேன், விளக்கு வைத்தேன், அடுத்த இடத்துக்குப் பறந்தேன். அவள் சாவகாசமாக இறங்கிக் கல் பொறுக்குவாள். மண்டபத்தில் ஆயிரம் விளக்குக்கு நடுவே என்னுடையது எது என்று அவளுக்குத் தெரியாது. அதனால் நான் மூன்று தடவை அணைத்து எரியவிடுவேன். இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். நேராக வந்து பக்கத்தில் இறங்குவாள்.

சற்று முன் அவளிடமிருந்து வந்தது: “ஏட்டி ரோஸி, உக்காந்திருக்கியா, இல்ல குறுக்கயும் நெடுக்கயும் நடக்கியா? நடந்து நடந்து கப்பல ஓட்ட போட்றாத. நாளைக்கு மத்தியானம் வந்துருவேன்.”

நடந்துகொண்டுதான் இருந்தேன்.

முதல் நாள், 19.30

ஜன்னலுக்கு வெளியே, தூரத்துப் பாறை மேட்டின் அடியில், தலையணை அளவுக்கு ஒரு பனிக்கல். எந்நேரமும் என்னையே முறைப்பதால் மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஜன்னலின் கீழ்ச் சட்டத்துக்குச் சரியாக மேலே உட்கார்ந்திருக்கிறார். எல்லாக் கருவியும் சரி. தூக்கம் வரவில்லை.

இரண்டாம் நாள், 05.20

மாமியார் வளர்ந்திருக்கிறார்.

கல் இப்போது ஜன்னலின் நடுவில் தெரிகிறது. கல் வளராது. ஆகவே நான்தான் இறங்கியிருக்கிறேன். சாய்வு மாறவில்லை, நான்கு காலும் ஒரே சீராக அமிழ்ந்திருக்கின்றன. அதனால்தான் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை.

உடை மாட்டிக்கொண்டு வெளியே போய் ஒரு கம்பியைத் தரையில் குத்திப் பார்த்தேன். மேலே விரற்கடை அளவு இறுகிய ஏடு. அதன் கீழே பாயசத்தில் கரண்டி போவதுபோல் கம்பி போகிறது. மீத்தேன் சகதி. கப்பலின் சூடு கால் வழியாக இறங்கி அந்த ஏட்டைக் கரைக்கிறது. உள்ளே நான் உயிரோடு இருக்கத் தேவையான சூடு அது, அதை நிறுத்த முடியாது. மேலே கிளம்பவும் முடியாது, அதற்கான எரிபொருள் பேச்சியின் கப்பலில் வருகிறது.

பூமிக்கு ஒரே கேள்வி அனுப்பினேன்: இந்த இடத்தை யார் அளந்தது? கேள்வி போய்ப் பதில் வர மூன்று மணி நேரம் ஆகும். ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே ஐந்து அடி. நடக்கிறேன்.

இரண்டாம் நாள், 08.30

பதில் வந்தது. விளையாட்டைச் செய்தவர்களில் ஒருவர், தமீம் என்பவர், பேசியிருக்கிறார்.

“மேடம், அந்த இடத்துக்கு ரேடார் தரவே கிடையாது. விண்கலம் சுத்தினப்ப அந்தத் துண்டு மட்டும் விட்டுப்போச்சு, வரைபடத்துல ஓட்டை. ஓட்டையா விட்டா கேம்ல வண்டி உள்ள விழுந்துடும். அதனால சுத்தியிருந்த உயரத்தப் பாத்து நாங்களே சமமா நிரவிட்டோம். அதான் அவ்வளவு ஈஸியா இருந்துச்சு. இத வச்சு நிஜமாவே இறங்குவாங்கன்னு... எங்ககிட்ட யாரும் கேக்கல மேடம். மன்னிச்சிருங்க.”

யாரும் அளக்காத ஒரே இடம் இது. அதனால்தான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கோடித் தடவை இறங்கினோம், ஒருவர்கூடத் தரையைப் பார்க்கவில்லை. ஒருவர் விளக்கை ஒருவர் பார்த்துக்கொண்டு வந்தோம். தமீம் மேல் கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. முதல் ஆளாக அந்தக் கூட்டத்தில் ஓடியவள் நான்.

இரண்டாம் நாள், 08.55

பேச்சியிடம் சொன்னேன். அவள் சொன்னது:

“திரும்ப முடியாதுட்டி. பன்னெண்டு மணிக்கு காத்துக்குள்ள நுழைஞ்சிருவோம், அப்புறம் பாராசூட்டுதான். மூட்டத்துல ஒரு மண்ணும் தெரியாது. உன் விளக்கு எங்க கேக்கோ, வண்டி அங்கதான் இறங்கும். விளக்கு இல்லன்னா வரைபடத்தப் பாத்து நேரா மண்டபத்துலதான் வந்து விழும். எங்களது உன்னதவிட நாலு மடங்கு கனம். அந்த விளக்கத் தூக்கிட்டு கெட்டித் தரைக்குப் போ. போவியா?”

போவேன் என்றேன். மாமியார் இருக்கும் பாறை மேட்டுக்கு, அதன் உச்சி தட்டை.

இரண்டாம் நாள், 10.40

விளக்கைக் கழற்றிவிட்டேன். அதற்கு மின்சாரம் கப்பலிலிருந்து வருகிறது. வெளியே கொண்டுபோனால் என் உடையின் மின்கலத்தில்தான் மாட்ட வேண்டும். மின்கலம் ஒன்று, வேலை இரண்டு. ஒன்று விளக்கு, இன்னொன்று என் உடம்புச் சூடு. இரண்டையும் சேர்த்துத் தாங்காது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மூச்சுக்காற்றுக்கு மின்சாரம் தேவையில்லை, அதுமட்டும் நிம்மதி.

இதைப் பேச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், அப்புறம் ஐந்து பேரும் போவோம். பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

கதவின் பாதி வரை சகதி. இனி உடையிலிருந்து பேசுவேன், பேச்சு தானாக எழுத்தாகும்.

இரண்டாம் நாள், 13.05

மேட்டில் இருக்கிறேன். சகதியில் இடுப்புவரை போனேன். இங்கே எடை ஏழில் ஒரு பங்கு என்பதால் தப்பித்தேன். பாறையில் குதித்துப் பார்த்தேன். அசையவில்லை. விளக்கை மாட்டி, உடையின் சூட்டை அணைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் கப்பலின் கூரை மட்டும் தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை. என் குரலைத் தூரத்துக்கு அனுப்பியது கப்பல்தான். இனி எனக்குப் பேச்சியின் குரல் கேட்கும், என் குரல் அவளுக்குக் கேட்காது.

நடந்தால் உடம்பு கொஞ்சம் சூடாகும். ஆனால் மின்கலத்துக்கும் விளக்குக்கும் நடுவே இருக்கும் கம்பி குளிரில் விறைத்துவிட்டது. எழுந்து நடந்தால் ஒடிந்துவிடும். பெட்டி ரொம்பக் குளிர்ந்தாலும் நின்றுவிடும். அதை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னை இப்படி உட்கார வைக்க இத்தனை வருஷம் யாராலும் முடியவில்லை.

இரண்டாம் நாள், 13.50

பேச்சி: “ரோஸி, ரெண்டு விளக்கு கேக்கு. ஒண்ணு மண்டபத்துல, ஒண்ணு தள்ளி. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. நீ மேட்டுக்குப் போய்ட்டியா, இல்ல இன்னும் கப்பல்ல கெடக்கியா? எதுல இறங்க? பதில் சொல்லுட்டி!”

கப்பலின் அவசர விளக்கு. முழுகினால் தானாக விழித்துக்கொள்ளும். தேடி வருபவர்களுக்காக வைத்தது. பரீட்சைக்குப் படித்தது, மறந்தே போனேன். சகதிக்கு அடியில் கிடந்து அது வா வா என்று கூப்பிடுகிறது.

கத்தினேன். யாருக்கும் கேட்காது என்று தெரிந்துதான் கத்தினேன்.

இரண்டாம் நாள், 13.54

விளக்கை அணைத்தால், இந்தக் குளிரில் திரும்ப எரியுமா தெரியாது. எரியாவிட்டால் மண்டபத்து விளக்கு மட்டும்தான் இருக்கும்.

மாதாவே.

அணைத்தேன். எரிந்தது.

அணைத்தேன். எரிய நேரமானது. எரிந்தது.

அணைத்தேன். எரியவில்லை. பெட்டியை நெஞ்சோடு நெருக்கிக் கட்டிக்கொண்டு திரும்பப் போட்டேன். இன்னும் ஒரு தடவை. எரிந்தது.

மணி தெரியவில்லை

பேச்சி சொன்னாள்: “மூணு தடவ. நீதான! நீதான்ட்டி. வாரேன். எந்திரிச்சு எங்கயும் ஓடிராத, அங்கனயே இரி.”

இருக்கிறேன். கால் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நடுக்கம் நின்றுவிட்டது, அது நல்லதில்லை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தூக்கம் வருகிறது. எனக்கு.

மேலே சத்தம்

பாறை அதிர்ந்தது. புகை. புகைக்குள் நான்கு கால். நிற்கிறது. அமிழவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தேன் தெரியாது, அமிழவில்லை.

பேச்சி: “இறங்கிட்டோம்! எல்லாரும் நல்லா இருக்கோம். எங்கட்டி இருக்க? ஒரே புகையா இருக்கு. கைய ஆட்டு, பாக்கட்டும்.”

கை வரவில்லை. விளக்கின் விசை விரலுக்கு அடியில்தான் இருக்கிறது.

ஒன்று.

இரண்டு.