வலது கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள்

பிரியா,

என் வலது கண் பழுதானது உனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நடமாடுகிறாள், அந்த ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா என்று தினமும் என்னைக் கேட்கிறாள், எனக்கென்ன தெரியும். நம்ம ஜூஜுவாடியில் இந்த வாரமும் தண்ணீர் லாரி வரவில்லை.

போன வாரம் வேலை முடிந்து வந்து, நீ விட்டுப்போன டெலஸ்கோப்பை மொட்டைமாடியில் வைத்தேன். வளர்பிறை நவமி, வெளிச்சம் போகும் முன்பே நிலா மேலே நின்றது. பௌர்ணமியில் நேர் வெளிச்சம் விழுந்து நிலா மொழுக்கென்று இருக்கும், பள்ளம் பார்க்க அரை நிலாதான் சரி என்று நீ சொன்னபோதே எனக்குப் புரிந்தது, ஃபவுண்டரியில் நாங்களும் வார்த்தெடுத்த காஸ்டிங்கில் ஓட்டை இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத்தான் பார்ப்போம். ஆனால் அன்று வெறும் வெள்ளைதான் தெரிந்தது. அளவு ஒத்துவராவிட்டால் முதலில் கருவியைச் சந்தேகப்படுவது எங்கள் பழக்கம். லென்ஸைக் கழற்றிப் பனியனால் துடைத்தேன், பூஞ்சை பிடிக்கவிட்டாய் என்று உன்னைத் திட்டினேன். காய்ந்த துணி எடுக்க வந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ஏங்க, அம்மைத் தழும்பாட்டம் இத்தனை இருக்குது, இதுகூடவா தெரியல, இதுல நீங்க இன்ஸ்பெக்டர் வேற என்றாள். இடது கண்ணை வைத்தேன். அத்தனை பள்ளமும் தெரிந்தது.

எது எந்தப் பள்ளம் என்று பார்க்க உன் நோட்டை எடுத்தேன். இரண்டு வருடம் முன்பு, நீ ஜெர்மனி கிளம்புவதற்கு முந்தைய வாரம் எழுதியிருக்கிறாய். அப்பா, இடது கண்: டைக்கோ, பிளாட்டோ, கிளேவியஸ் மூன்றும் தெரிகிறது. வலது கண்: ஒன்றும் இல்லை. அன்று கண்ணை மாற்றி மாற்றிப் பார்க்கச் சொன்னாய். ஒன்றுமே காணோமே என்றதற்கு, மேகம் வந்து வந்து போகுதுப்பா என்றாய். நம்பினேன். சொல்லியிருந்தால் அம்மா உன்னை அனுப்பியிருக்க மாட்டாள், அது எனக்கும் புரிகிறது. இரண்டு பேருக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்து, பொறி தெறிக்கும் கிரைண்டிங் செய்யவைத்த கம்பெனியை விட்டுவிட்டு உன்மேல் கோபப்படுகிறேன். அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

திங்கட்கிழமை வருடாந்திரக் கண் பரிசோதனை. டாக்டர் யாரும் வரமாட்டார், காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் பூபதி ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்து, பார்வை சரி என்று அச்சடித்த இடத்துக்குக் கீழே எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவான். இந்தத் தடவை நிஜமாகவே பார்க்கச் சொல்லு தம்பி என்றேன். உங்களுக்கென்ன பொண்ணா பார்க்கறோம் பெரியவரே, கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்க என்று சிரித்தான். உண்மையைச் சொன்னால் மறுநாள் கேட் பாஸ் இருக்காது. ஐம்பத்தாறு வயதுக்காரனை வேறெங்கே எடுப்பார்கள். சொல்லாவிட்டால், நான் பாஸ் போடுவது லாரி பிரேக் காஸ்டிங். இரண்டு வருடமாக ஒற்றைக் கண்ணால் பார்த்து எத்தனை ஓட்டையைத் தாண்டவிட்டேனோ, ஹைவேயில் லாரி இறங்கும் சத்தம் கேட்டாலே சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று உன்னிடம் போனில் ஆரம்பித்தேன், மீட்டிங் என்று வைத்துவிட்டாய்.

வேளைக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை.

உன் அப்பா,
பொன்னுசாமி

திங்கள் காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவா, வேண்டாமா? அதற்குள் நீ சொல்ல வேண்டும்.