வயது காரணமாகக் கற்க இயலாதவர்

கோக்-ஜார்
பிப்ரவரி 12

தங்கை ஜிபாருக்கு,

நலமாக இருப்பாய். நான் கொதித்துக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நாரின் நகரில் நீ நடத்திய கணினிப் பயிற்சியில், பன்னிரண்டு செவிலியர் முன்னால் என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினாய். "இங்க அழுத்து, அப்புறம் இங்க, இங்க. அவ்ளோதான்க்கா!" என்றாய். நான் இரண்டாவதைப் பார்ப்பதற்குள் நீ ஐந்தாவதை முடித்துவிட்டாய். அது போதாதென்று, "வயது காரணமாகக் கற்க இயலாதவர்" என்று அறிக்கையும் எழுதியிருக்கிறாய். இந்தச் சுகாதார நிலையத்தில் நான் ஒருத்திதான் செவிலி. என்னை நீக்கினால் இதைப் பூட்டிவிடுவார்கள். பிரசவ வலி எடுத்தவள் பனியில் கணவாய் தாண்டி நாரினுக்குப் போவாளா?

உன் அக்கா
சைராகுல்

நாரின்
பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

இரண்டே நாள், பன்னிரண்டு பேர். நான் என்ன செய்ய? ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டாய். நோயாளியின் பெயரை உரக்கப் படித்துவிட்டுப் பதியச் சொன்னால், வாயே திறக்காமல் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தாய். எல்லோரும் சிரித்தார்கள். அறுபத்தொரு வயதில் உனக்கு எதற்கு இந்தப் பாடு? பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இரேன்.

ஜிபார்

கோக்-ஜார்
மார்ச் 6

ஜிபார்,

மலைத்தேனா? நீ பயிற்சிக்குக் கொடுத்தது என் மாமனார் பெயரடி! முப்பத்தெட்டு வருடமாக அது என் வாயில் வந்ததில்லை. நீயும் ஒரு வீட்டுக்கு மருமகள்தானே, உன் மாமனார் பெயரைச் சபையில் சொல்வாயா?

மெதுவாகத்தான் கற்கிறேன், மறைக்கவில்லை. உனக்கு ஒரு முறை போதுமென்றால் எனக்குப் பதினொன்று. நேற்றுப் படித்ததில் பாதி காலையில் காணாமல் போகிறது. மறுபடி படிக்கிறேன். ஒவ்வொரு படியையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் நின்று அவசரப்படுத்த யாரும் இல்லை. இதுவரை இருநூற்றுப் பதினான்கு பேரைப் பதிந்துவிட்டேன், ஒரு பிழை இல்லை.

அறிக்கையைத் திருத்து. இல்லாவிட்டால் நூருஸ் பண்டிகைக்கு என் வாசலை மிதிக்காதே.

சைராகுல்

நாரின்
மார்ச் 15

அக்கா,

பெயர் விஷயம் சத்தியமாக நினைவில் இல்லை. எனக்கும் ஐம்பத்து மூன்று ஆகிறது. இதையே தலைநகர் பிஷ்கெக்கில் எனக்குச் சொல்லித்தந்தபோது நானும் திணறினேன். சொல்லித்தந்த பெண் என் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டாள். அன்று உன்னைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பயந்துவிட்டேன், பிடுங்கிவிட்டேன்.

அறிக்கையைத் திருத்தினால், தப்பாக எழுதிய பயிற்சியாளர் என்று என்னையும் மறுபடி சோதிப்பார்கள். என்னால் முடியாது. மன்னித்துவிடு.

ஜிபார்

கோக்-ஜார்
ஏப்ரல் 9

ஜிபார்,

நீ பயந்தாய் என்பதை நம்புகிறேன். உன் பயத்துக்கு என் வேலையைப் பலி கொடுக்கப் பார்த்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதிகாரிக்கு நானே கணினியில் மனு எழுதி அனுப்பினேன். கூப்பிட்டு, நேரக் கெடு வைக்காமல் சோதித்தார்கள். தேறிவிட்டேன். நிலையத்தைப் பூட்டமாட்டார்கள்.

கிளம்பும்போது அதிகாரி, "அந்தப் பயிற்சியாளர் மேல ஏதாவது புகார் இருந்தா எழுதி அனுப்புங்கம்மா, விசாரிக்கிறோம்" என்றார். நான் அனுப்பப்போவதில்லை.

உடனே என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதே. அந்த ஒரு மனுவைத் தட்டச்சு செய்ய எனக்கு முழுதாக ஒரு நாள் ஆனது. உன்னைப் பற்றி எழுத இன்னொரு நாள் ஆகும். அதை உனக்காகச் செலவழிக்க எனக்கு மனமில்லை.

சைராகுல்