அரை விநாடி காத்திரு

மார்ச் 3, செவ்வாய்

மடிக்கணினி உயிரை விட்டுவிட்டது. பழுது பார்க்கும் கடைக்காரர், "உள்ள இருந்ததெல்லாம் போச்சும்மா, புது டிஸ்க் போட்டுத் தரேன்" என்றார். நல்லவேளை, முடித்த நிரலை நேற்றே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். நூலகத்துக்கு வருபவர்களுக்கு இருக்கை ஒதுக்கும் நிரல். ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும். இந்தப் பாடத்தில் தவறினால் மூன்றாம் ஆண்டில் கால் வைக்க முடியாது. நாளை கடைசி நாள், எனக்கோ காய்ச்சல் கொதிக்கிறது. அறைத்தோழி ரேடியோவிடம் பென்டிரைவைக் கொடுத்து, கல்லூரித் தளத்தில் ஏற்றிவிடச் சொன்னேன். வாய் ஓயாததால் ரேடியோ. பெயர் வைத்தது நான்தான்.

மார்ச் 4

ஏற்றிவிட்டாளாம். "நிம்மதியாத் தூங்குடி" என்றாள். தூங்கினேன்.

மார்ச் 12, வியாழன்



செமிகோலன் சார் கூப்பிட்டனுப்பினார். ஒரு குறி விட்டுப்போனாலும் மதிப்பெண்ணை வெட்டுவதால் அவருக்கு அந்தப் பெயர். தன் திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு நிரல்கள் அருகருகே. உள்ளே வைத்த பெயர்கள் மட்டும் வேறு, மற்றதெல்லாம் அச்சு அசல். ஒன்று என்னுடையது. இன்னொன்று ரேடியோ கொடுத்தது.

"யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"அவளும் அதையேதான் சொல்றா. திங்கக்கிழமை ரெண்டு பேரும் வந்து விளக்குங்க. யாருன்னு தெரியலன்னா ரெண்டு பேருக்கும் பூஜ்யம்."

நான்தான் எழுதினேன் என்று காட்டப் பழைய பிரதி ஒன்றுகூட இல்லை, எல்லாம் அந்தச் செத்த டிஸ்க்கில் போய்விட்டது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தேனே, என்னைச் சொல்லணும்.

அறைக்கு வந்து, "ஏன்டி இப்படிச் செஞ்ச?" என்றேன். ரேடியோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 14, சனி

அம்மா தொலைபேசியில், "நீ எழுதினதுதானே, அப்புறம் என்ன பயம்?" என்றாள்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? எழுதினது நான்தான், ஆனா எனக்கே முழுசாப் புரியலையே. நடுவில் 'அரை விநாடி காத்திரு' என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்தால் ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போகிறது. வைத்தால் போகவில்லை. ஏன்? தெரியாது. ஓடுகிறதே போதும் சாமி என்று விட்டுவிட்டேன். சார் அந்த வரியைத்தான் கேட்பார். கேட்காமல் இருப்பாரா?

ரேடியோ தாழ்வாரத்தில் நடந்து நடந்து மனப்பாடம் செய்கிறாள். என் நிரலை. என் காதுபடவே.

மார்ச் 16, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

முதலில் ரேடியோ உள்ளே போனாள். கதவு பாதி திறந்திருந்தது. பேச்சு தண்ணீராக ஓடியது. அரை விநாடி எதற்கு என்று சார் கேட்டதும், "திரையில வர்ற செய்தியைப் படிக்க நேரம் வேணுமே சார், அதுக்காகத்தான்" என்றாள். எனக்கே நம்பத் தோன்றியது.

பிறகு என் முறை.

"தெரியல சார்."

"நீ எழுதினது உனக்கே தெரியாதா?"

"எடுத்தா தப்பா ஓடுது சார்."

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளை இருவரும் ஒன்றாக வர வேண்டுமாம். பெத்தவ நான் திக்குறேன், தூக்கிட்டுப் போனவ தாலாட்டே பாடுறா.

மார்ச் 17, செவ்வாய்

சார் திரையை அணைத்துவிட்டுக் கேட்டார்: "இப்ப ஓடுறது இருக்கட்டும். இது சரியாகறதுக்கு முன்னாடி என்னென்ன தப்பு பண்ணுச்சு?"

ரேடியோவைத்தான் முதலில் கேட்டார். "பெருசா ஒண்ணும் இல்ல சார்... சின்னச் சின்னதா..." அதோடு நின்றுவிட்டது. ரேடியோ நின்று நான் பார்த்ததே இல்லை.

என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தது தெரியும், மூடியது தெரியாது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதை மறந்ததால் முதல் இருக்கை யாருக்குமே கிடைக்காமல் கிடந்தது. ரத்து செய்தவர் போன பிறகும் அவர் இருக்கை நிரம்பியே இருந்தது. ஒருநாள் வந்தவர் அத்தனை பேரையும் கடைசி இருக்கையிலேயே ஒருவர் மடியில் ஒருவராக உட்கார வைத்தது. சார் சிரித்துவிட்டார். அப்புறம் அந்த அரை விநாடிக்கு வந்தேன். "முதல் ஆள் பேரு கோப்புல ஏறி முடியறதுக்குள்ள அடுத்த ஆள் வந்து பார்த்தா, இருக்கை காலின்னு காட்டும் சார். அரை விநாடி நின்னா ஏறிடுது—" சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் எனக்கே புரிந்தது. நேற்று எங்கே போயிருந்தது இந்தப் புத்தி?

"அப்ப ஏறி முடிஞ்சுதான்னு கேட்டுட்டுப் போகச் சொல்லணும். குத்துமதிப்பா நிக்கக் கூடாது. அதுக்கு மார்க்கைக் குறைச்சிருக்கேன்" என்றார் சார்.

குறைத்தாராம். அப்படியென்றால் தேறிவிட்டேன். படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ரேடியோவுக்குப் பூஜ்யம். விடுமுறையில் புதிதாக எழுதிக் கொடுக்க ஒரே ஒரு வாய்ப்பு.

மார்ச் 18

அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. இந்த அமைதியில் படிக்கவே முடியவில்லை.

மார்ச் 21, சனி

அவளாகவே வாயைத் திறந்தாள். "உன்னோடதை ஏத்தும்போது என்னோடதுன்னு ஏத்த ஒண்ணுமே இல்லடி. வகுப்புல எல்லாம் தெரிஞ்ச மாதிரியே பேசிட்டேன். அப்புறம் தெரியலன்னு யார்கிட்டப் போய் நிக்கிறது?"

"பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி இருந்தாளே" என்றேன்.

கோபம் இன்னும் போகவில்லை. எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன். ஆனால் 'தெரியல சார்' என்று சொல்வதற்குள் எனக்கும் உயிர் போனதே.

ஏப்ரல் 9, வியாழன்

விடுமுறை. விடுதியே காலி, நாங்கள் இருவர்தான். அம்மாவிடம் வேறு ஏதோ காரணம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ரேடியோவின் திரை காலையிலிருந்து பிழைச் செய்திகளால் சிவப்பாகவே இருந்தது. மாலையில் ஒருவழியாக ஓடியது. ஓடியதும் அழாக்குறையாக என்னைக் கூப்பிட்டாள். "இங்க பாரேன், எல்லாரையும் கடைசி இருக்கையிலயே உட்கார வைக்குது."

எந்த வரி என்று பார்த்ததுமே தெரிந்தது. விரல் துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

"நல்லா ஞாபகம் வச்சுக்கோடி" என்றேன். "சார் கேப்பாரு."