வெள்ளையாய் விட்ட வரிசை

ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் வரைபடத்தை விரித்துப் போட்டு, என் அக்கா மகள் மஞ்சள் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறாள். அந்த மரவாசனை மூக்கில் ஏறியதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லையடா. அவளும் நம் படிப்புதான், நகரத் திட்டமிடல். வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம், ஆளில்லாத இடத்துக்கு வெள்ளை. அண்டசராசரத்தையும் ஒரு பென்சில் டப்பாவில் அடக்கிய மகான்கள் அல்லவா நாம்!

பொன்மலை சர்வே ஞாபகமிருக்கிறதா? அன்றைய வெயிலில் தண்டவாளமே உருகிக் காவிரியில் கலந்தது. கடைசி வரிசை ஓட்டு வீடுகள் அத்தனையிலும் பூட்டு. "காலிடா, போட்டுக்க" என்றேன். ஒரு ஜன்னல் கம்பியில் குடையை மாட்டிவிட்டு நீயும் குறித்துக்கொண்டாய். அந்த வெள்ளையில் ஆசியாக் கண்டமே வந்திறங்கும்படி ஒரு பஸ் ஸ்டாண்டை வரைந்து எழுப்பினேன்.

தாளைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய சாயங்காலம், மறந்துவிட்ட குடையை எடுக்கப் போனாய். திரும்பி வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"காலி வீட்ல யாருடா ரசம் வைக்கிறது?"

"என்னடா உளர்ற?"

"ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் வந்துட்டாங்கடா. ஒரு அக்கா என் குடையை உள்ள பத்திரமா எடுத்து வச்சிருந்தாங்க. சாப்பிட்டுப் போப்பான்னாங்க."

நாம் போனது பகல் பதினொரு மணிக்கு. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்நேரம் பூட்டுதானே இருக்கும்!

"பேப்பர்லதானடா இடிக்கிறோம்" என்றேன். நீ பிளேடை எடுத்து என் பஸ் ஸ்டாண்டைச் சுரண்டினாய். மூன்றாவது இழுப்பில் என் சாம்ராஜ்யம் கிழிந்தது. மார்க் பாதாளத்துக்குப் போனது. ஒரு மாதம் நான் உன்னோடு பேசவில்லை. அப்புறம் இருபது வருஷம் ஓயாமல் பேசினேன், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு. சொல்லிக்கொள்ளலாம், இவன் என்ன, நூற்றைம்பது வயது இருப்பான் என்று நினைத்தேன். போன ஐப்பசியில் ஒரேயடியாகக் கிளம்பிவிட்டாய்.

இவள் தாளிலும் கொள்ளிடக் கரையோரம் ஒரு வரிசை வெள்ளையாக இருக்கிறது.

"இங்க யாரும் இல்லையாம்மா?"

"பூட்டியிருந்துச்சு மாமா."

"எத்தனை மணிக்குப் போன?"

"பதினொன்னு இருக்கும். ஏன் மாமா கூண்டுப் புலி மாதிரி சுத்துறீங்க?"

மணி நாலுதான் ஆகிறது. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தபடியே இதை எழுதுகிறேன். அவளுடைய மஞ்சள் பென்சில் என் சட்டைப் பையில். ஆறு மணிக்கு அந்தக் கதவுகளைத் தட்டப் போகிறேன். எவராவது திறந்தால், யார், என்ன என்று கேட்பதற்குள், உன்னிடம் சொல்லாததை அவர்களிடம் உளறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது:

நீ சுரண்டியதுதான்டா சரி.